ஆயில் ஒழுகிய பிறகு கியர்பாக்ஸ் சத்தம் போட்டால்

கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகி, அதன் பிறகு சத்தம் வர ஆரம்பித்த கார்கள் சேலத்தில் என் பட்டறைக்கு அடிக்கடி வரும். ஏற்காடு மலைப்பாதை பக்கத்திலேயே இருப்பதால், இரண்டாவது கியரிலேயே ஏறி இறங்கி உழைக்கும் வண்டிகள் இங்கே அதிகம். வருகிறவர்களில் சிலர் "ஆயில் ஊத்திட்டா சரியாயிடும்ல?" என்பார்கள். மற்றவர்களிடம் யாராவது ஏற்கெனவே "கியர்பாக்ஸ் போச்சு, மாத்தணும்" என்று சொல்லியிருப்பார்கள். இரண்டுமே பார்க்காமல் சொல்வதுதான். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கீழே வரும் ஆயில்தான் உள்ளே நடந்ததைச் சொல்லும். அதைப் பார்க்காமல் யார் சொன்னாலும் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். இன்ஜினில் ஆயில் பம்ப் உண்டு, அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் பெரும்பாலும் பம்ப்பும் இல்லை, விளக்கும் இல்லை. அடியில் தேங்கி நிற்கும் ஆயிலில் பற்சக்கரங்கள் முங்கிச் சுழன்று மேலே வாரி இறைக்கும். அந்தத் தெளிப்பை நம்பித்தான் எல்லா பேரிங்கும் ஓடுகிறது. அளவு குறையக் குறைய, உயரத்திலும் கடைக்கோடியிலும் இருப்பவை முதலில் காயும். முன்சக்கரம் இழுக்கும் பல சின்னக் கார்களில் ஐந்தாம் கியர் ஜோடி ஒரு ஓரத்தில் தனி மூடிக்குள் இருக்கும். பைபாஸில் ஐந்தாவதில் போகும்போது மட்டும் சத்தம் கேட்கிறது என்றால், எனக்கு முதல் சந்தேகம் ஆயில் அளவின் மேல்தான்.

வழியில் மாட்டிக்கொண்டால் கயிறு கட்டி இழுத்து வர வேண்டாம். நியூட்ரலில் இருந்தாலும் சக்கரம் சுற்றினால் ஆக்ஸிலும், அதைச் சுழற்றும் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் சுற்றும், அங்கே ஆயில் இல்லை. முன்சக்கர வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது முழு வண்டியையும் மேடை வண்டியில் ஏற்ற வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் வேன், ஜீப் என்றால் பின்பக்கத்தைத் தூக்குங்கள், அல்லது பின்சக்கரப் பக்கம் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுங்கள்.

அடுத்து, ஒழுகுவது எங்கே என்று பார்க்க வேண்டும். தரையில் இருக்கும் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை இருக்கும், இன்ஜின் ஆயிலில் அது இருக்காது. கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போல இருக்கும். அப்புறம் கியர்பாக்ஸின் வெளிப்புறத்தை டீசல் போட்டுப் பிரஷ்ஷால் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். காய்ந்த கேஸிங் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் கசியும் இடம் ஈரக் கோடாகத் தெரியும். காற்று ஆயிலைப் பின்னால் பரப்பிவிடும் என்பதால், வண்டியை ஓட்டிய பிறகு அடியில் படிந்த அழுக்கை வைத்து இடத்தை முடிவு செய்ய முடியாது.

ஒழுகும் இடங்கள் அநேகமாகப் பழக்கமானவைதான். ஆக்ஸில் நுழையும் இரண்டு பக்க ஆயில் சீல்கள் (தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), டிரெயின் போல்ட்டின் வாஷர், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், கியர் மாற்றும் கம்பி உள்ளே போகும் இடத்துச் சீல், ஸ்பீடோமீட்டர் சென்சாரின் ஓ-ரிங். கல் அடித்துக் கேஸிங்கில் விழுந்த விரிசலும் உண்டு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால், இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டு வரும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் சீலாக இருக்கலாம், இன்ஜினின் பின்பக்கச் சீலாகவும் இருக்கலாம். அதற்கு மட்டும் எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ப்ரீதரை மறக்கவே கூடாது. கியர்பாக்ஸ் தலையில் இருக்கும் சின்ன மூச்சுக்குழாய் அது. சேறு அடைத்துக்கொண்டால், சூடானதும் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலிலிருந்தே ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றிய பிறகும் அதே இடத்தில் ஒழுகினால், சீலைக் குறை சொல்வதற்கு முன் ப்ரீதரைப் பாருங்கள், ஆக்ஸிலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்தச் சீலும் நிற்காது.

இனி சத்தம். ஆயில் ரொம்பவே குறைந்திருந்தால், சரியான ஆயிலை மட்டம் வரை ஊற்றிய பிறகே ஓட்டிப் பாருங்கள். வண்டி நிற்கும்போது, நியூட்ரலில், கிளட்ச்சை மிதிக்காமல் கேளுங்கள். கரகரவென்று வந்து, கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிட்டால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம் கோளாறு. மாறாக, மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் அது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஆயில் குறைந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியரின் பல்லோ அதன் ஊசி பேரிங்கோ தேய்ந்திருக்கும். எல்லா கியரிலும் வேகத்துக்கு ஏற்ப ஏறினால் ஆக்ஸில் பக்கத்து பேரிங்குகளைச் சந்தேகப்படலாம். ஆனால் சக்கர பேரிங்கும் இப்படித்தான் கத்தும். காலி ரோட்டில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்தான். கியர் மாற்றும் நொடியில் மட்டும் கர்ர் என்றால், கியர் சேரும் முன் வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங், அல்லது கிளட்ச் முழுதாக விடுபடாத கோளாறு.

இப்போது ஆயிலை இறக்கலாம். வண்டி கொஞ்சம் ஓடிச் சூடாக இருந்தால் அடியில் படிந்ததும் கலந்து வரும். காய்ந்து வந்த வண்டி என்றால் அதற்காக ஓட்ட வேண்டாம், அப்படியே இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். டிரெயின் போல்ட்டில் கை வைப்பதற்கு முன் ஆயில் ஊற்றும் போல்ட்டை லூஸ் செய்யுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், ஆயிலை இறக்கிவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரிடும்.

சுத்தமான வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் பிடித்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அளந்து பாருங்கள். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 லிட்டர் வரை பிடிக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். எவ்வளவு வந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு காய்ந்து ஓடியது என்பது தெரியும்; ஓட்டிப் பார்க்க நடுவில் ஊற்றியிருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வெயிலில் வைத்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பாலிதீன் கவரில் சுற்றித் தட்டில் மெதுவாக அலசுங்கள். கவரை உரித்து, ஒட்டியிருப்பதை விரலில் தேயுங்கள். சாம்பல் நிறத்தில், மை போல வழவழப்பாக இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், எல்லா கியர்பாக்ஸிலும் இருக்கும். நறநறவென்று மணல் போலப் பட்டால் கவலைப்பட வேண்டும். குருணை அளவில் தட்டையான, ஒரு பக்கம் பளபளக்கும் செதில் கிடைத்தால், பேரிங் அல்லது பல்லின் கடினமான மேல் தோல் உரிந்துவிட்டது என்று அர்த்தம். அது ஆயில் ஊற்றினால் ஆறாது, நாளுக்கு நாள் பெருகும். காந்தத்தில் ஒட்டாமல் பொன்னிறமாக மினுங்குவது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. வெள்ளியாக, ஒட்டாமல் இருந்தால் அலுமினியம்: பேரிங் இருக்கையில் நிற்காமல் சுழன்று கேஸிங்கையே அரைக்கிறது. ஆயிலே பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் சூடான கியர்பாக்ஸ் முங்கினால் ப்ரீதர் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு டீச்சர் கார் கொண்டு வந்தார். "அண்ணா, நாலாவது வரைக்கும் ஒண்ணும் தெரியறதில்லைங்க. அஞ்சாவது போட்டா மட்டும் உர்ருன்னு வருதுங்க" என்றார். வேறு ஓர் இடத்தில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். "டீச்சர், முதல்ல உள்ள இருக்கற ஆயிலைப் பாப்போம்" என்று இறக்கினோம். ஒரு லிட்டர்கூட வரவில்லை. காந்தத்தில் மை மட்டும்தான், செதில் இல்லை. இடது ஆக்ஸில் சீலின் உதடு ஓரிடத்தில் கிழிந்து மடங்கியிருந்தது. அதற்கு முன் ஆக்ஸில் வேலை நடந்தபோது ஷாஃப்ட்டின் பல் உரசியிருக்க வேண்டும். சீல் மாற்றி, ஆயில் நிரப்பிக் கொடுத்தோம். ஐந்தாவதில் மெல்லிய ஊளை இன்னும் இருக்கிறது, அது போகவில்லை. ஆனால் கூடவும் இல்லை, வண்டி தினமும் மலை ஏறி இறங்குகிறது.

சீல் போடும்போது வெளி விளிம்புக்குச் சமமான சாக்கெட்டையோ பைப்பையோ வைத்து நேராகத் தட்டுங்கள். ஸ்குரூடிரைவரால் ஒரு பக்கமாக அடித்தால் கோணும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் கியர்பாக்ஸுக்கு உள்ளே பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, ஆக்ஸிலைத் தூக்கிப் பிடித்தபடி நடுவில் நுழைத்துவிடுங்கள்.

ஆயில் வாங்கும்போது "90 ஆயில் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடும் (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜி.எல்.4 என்றோ வேறு என்னவோ போட்டிருக்கும் தரமும் சேர்ந்தே பொருந்த வேண்டும். பின்சக்கர வண்டிகளின் கிரவுனுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.5 வேண்டும். ஜி.எல்.4 கேட்கும் கியர்பாக்ஸில் அதை ஊற்றினால் வழுக்கல் அதிகமாகிச் சிங்க்ரோ பிடிக்காது, அதிலுள்ள சேர்மானங்கள் பித்தளை ரிங்கை அரிக்கவும் கூடும். சத்தம் அடங்கட்டும் என்று 140 ஆயில் ஊற்றுவதையும் கிரீஸ் கலப்பதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். சத்தம் கொஞ்சம் அமுங்கும், உண்மைதான். ஆனால் கெட்டியான ஆயில் குறுகிய இடங்களுக்குள் சரியாகப் போகாமல், காய்ந்த பேரிங்கை இன்னும் காய வைக்கும். பழைய வண்டி விற்பவர்கள் செய்யும் வேலை அது, சொந்த வண்டிக்குச் செய்ய வேண்டாம்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஊற்றுங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் மட்டம் தப்பாகக் காட்டும். பக்கவாட்டு ஓட்டையில் மட்டம் பார்க்கும் வண்டி என்றால், ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பிக்கும்போது போதும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

செதில் இல்லை, சத்தமும் குறைந்துவிட்டது என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஆயிலை மறுபடி இறக்கிப் பாருங்கள். இரண்டாவது முறை காந்தம் முன்னைவிடச் சுத்தமாக இருந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை. செதில் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். உடைந்த பேரிங்கின் துண்டு பற்களுக்கு நடுவே போனால், பேரிங் செலவோடு முடிய வேண்டியது கேஸிங் வரை போய்விடும். பிரிக்கும்போது சத்தம் போட்ட பேரிங்கை மட்டும் மாற்றாமல், ஒரே ஆயில் பஞ்சத்தில் ஓடிய எல்லா பேரிங்குகளையும் சீல்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

பற்களே போயிருந்தால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கியர்பாக்ஸ் தேடலாம். வாங்கும் முன் இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி ஆட்டிப் பாருங்கள், கேஸிங்கில் வெல்டிங் இருக்கிறதா என்று கவனியுங்கள், ஆயில் ஊற்றும் ஓட்டைக்குள் விரல் விட்டு ஆயிலைத் தடவிப் பாருங்கள். அதே மாடலிலேயே இன்ஜினுக்கு ஏற்பக் கியர் விகிதம் மாறும் என்பதால், பழைய கியர்பாக்ஸின் எண்ணை எழுதி எடுத்துப் போங்கள். வாங்கி வந்ததை வண்டியில் ஏற்றும் முன், அது தரையில் இருக்கும்போதே எல்லாச் சீல்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.