பெர்லினைச் சுற்றிப் பார்க்க 100-ஆம் எண் பஸ்

பெர்லினில் சுற்றுலாப் பஸ்ஸுக்குப் பணம் கொடுக்கும் முன், ஜூ ரயில் நிலையத்திலிருந்து அலெக்சாண்டர்பிளாட்ஸ் போகும் 100-ஆம் எண் மாநகரப் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். மாடிப் பஸ் வந்தால் மேல்தளத்தின் முன் இருக்கையைப் பிடியுங்கள். ஜூவிலேயே ஏறுகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும். போரில் உடைந்த கோபுரத்தோடு அப்படியே நிறுத்தி வைத்திருக்கும் கைசர் வில்ஹெல்ம் தேவாலயம், உச்சியில் பொன் சிலை மின்னும் வெற்றித்தூண், நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம், பிராண்டன்பர்க் வாசல் பகுதி, உன்டர் டென் லின்டன் சாலை எல்லாம் இந்த ஒரே தடத்தில் வருகின்றன.

சாதாரண ஒற்றைப் பயண டிக்கெட், இயந்திரத்தில் முத்திரையிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம் செல்லும். ஒரே திசையில் போகும்வரை இடையில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தொடரலாம். திரும்பி வர மட்டும் அது செல்லாது. முத்திரையிட மறந்து சோதனையில் சிக்கினால் அபராதம்தான்.

விளக்கவுரை வேண்டுபவர்களுக்கு இது ஒத்துவராது. மாரத்தான், பேரணி நாட்களில் பஸ் பாதை மாறிவிடும். அன்று நடையே மேல். குவிமாடத்துக்குள் ஏற முன்பதிவு தனியாக வேண்டும், கட்டணம் இல்லை.