எஸ்ரேம் சென்ஸ் ஆம்ப்ளிஃபயர்: மின்சாரம் எங்கே போகிறது, தவறு எங்கே நுழைகிறது

எஸ்ரேம் (SRAM) என்பது சிப்புக்குள் இருக்கும் வேகமான நினைவகம்; அதன் செல் உண்டாக்கும் சிறு மின்னழுத்த வேறுபாட்டைப் பார்த்து 0 அல்லது 1 என்று முடிவெடுக்கும் சுற்றுதான் சென்ஸ் ஆம்ப்ளிஃபயர். எஸ்ரேமின் மின்செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் கைவைப்பது சென்ஸ் ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர் அளவில்தான். சிறிதாக்கினால் செலவு குறையும் என்பது எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது.

256 வரிசை, 128 நெடுவரிசை கொண்ட ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். நான்கு நெடுவரிசைக்கு ஒரு லாட்ச் வகை ஆம்ப்ளிஃபயர் (குறுக்கே பிணைந்த இரு இன்வெர்ட்டர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து முடிவெடுப்பது), ஆக மொத்தம் 32. ஒரு நெடுவரிசையின் செல்களை எல்லாம் இணைக்கும் கம்பியான பிட்லைனின் (நெடுவரிசைக்கு ஒரு ஜோடி) மின்தேக்குத்திறன் 100 ஃபெம்டோஃபாரட், சப்ளை 1 வோல்ட், செல் மின்னோட்டம் 20 மைக்ரோஆம்பியர். ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்கும் கம்பியான வேர்டுலைன் உயர்ந்ததும் நாம் கேட்ட 32 ஜோடிகள் மட்டுமல்ல, 128 பிட்லைன் ஜோடிகளிலும் மின்னழுத்தம் இறங்குகிறது. 100 மில்லிவோல்ட் இறங்க 500 பிக்கோநொடி ஆகும். அதைத் திரும்ப ஏற்ற ஜோடிக்கு 10 ஃபெம்டோஜூல், மொத்தம் 1.28 பிக்கோஜூல். ஆம்ப்ளிஃபயரின் உள்முனை 5 ஃபெம்டோஃபாரட் என்றால் 32க்கும் சேர்த்து 0.16 பிக்கோஜூல்தான். செலவின் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபயரில் இல்லை. அது முடிவெடுக்கும்வரை பிட்லைனை இறங்கவிட்டுக் காத்திருப்பதில் இருக்கிறது.

எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை ஆஃப்செட், அதாவது ஆம்ப்ளிஃபயரின் இரு பக்கங்களும் சரிசமமாக இல்லாததால் வரும் பிழை, தீர்மானிக்கிறது. 1989இல் பெல்கிரமும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட விதி இங்கே நேரடியாகப் பொருந்தும்: ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்களின் த்ரெஷோல்ட் (இயங்கத் தொடங்கும் மின்னழுத்தம்) வேறுபாட்டின் சிதறல், பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். குணகம் 3 மில்லிவோல்ட்-மைக்ரோமீட்டர், அகலம் 0.5, நீளம் 0.06 மைக்ரோமீட்டர் என்று வைத்தால் அந்தச் சிதறலின் அளவான சிக்மா (திட்டவிலக்கம்) 17.3 மில்லிவோல்ட். அகலத்தை இரட்டித்தால் 12.2, நான்கு மடங்காக்கினால் 8.7.

அடுத்த தவறு எத்தனை சிக்மா எடுப்பது என்பதில். மூன்று போதும் என்று நிறுத்தினால், 4096 ஆம்ப்ளிஃபயர் உள்ள சிப்பில் சராசரியாக 11 தவறாகப் படிக்கும். ஆம்ப்ளிஃபயர் காரணமாக ஆயிரத்தில் ஒரு சிப்புக்கு மேல் வீணாகக் கூடாது என்றால் ஏறத்தாழ 5.2 சிக்மா தேவை. அப்படியானால் மேலே சொன்ன மூன்று அளவுகளுக்கும் வேண்டிய பிட்லைன் வேறுபாடு முறையே 90, 64, 45 மில்லிவோல்ட். அகலத்தை இரட்டிப்பதால் பிட்லைனில் 0.34 பிக்கோஜூல் மிச்சமாகிறது. ஆம்ப்ளிஃபயர் செலவு 0.16 கூடுகிறது. நான்கு மடங்கில் மிச்சம் 0.58, கூடுதல் செலவு 0.48. ஆக, ஆற்றல் கணக்கில் இரட்டிப்பதே மேல்; நான்கு மடங்கு வேகத்துக்காக மட்டுமே. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் அளவை முடிவுசெய்யக் கூடாது.

பரப்பைக் கூட்டும்போது எல்லா டிரான்சிஸ்டரையும் சமமாகப் பெரிதாக்குவதும் வீண். படிப்பதற்கு முன்பே பிட்லைனைச் சப்ளை அளவுக்கு ஏற்றிவைக்கும் (முன்மின்னேற்றம்) அமைப்பில், லாட்ச்சில் உள்ள இரு வகை டிரான்சிஸ்டர்களில், தொடக்கத்தில் குறுக்கே பிணைந்த பிமாஸ் இரண்டும் அணைந்தே இருக்கும். யார் வெல்வது என்பதைப் பெரும்பாலும் என்மாஸ் ஜோடிதான் முடிவுசெய்கிறது. பரப்பை அங்கே செலவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரை இயக்கும் எனேபிள் சமிக்ஞை எப்போது வர வேண்டும் என்பது அடுத்தது. மிக அதிகம் பேர் வழுக்கும் இடம் இதுதான் என்பேன். வேர்டுலைனுக்குப் பின் சில இன்வெர்ட்டர்களைச் சங்கிலியாகக் கோத்துத் தாமதம் உண்டாக்குவது எளிது. ஆனால் சப்ளை குறையும்போது செல்லின் மின்னோட்டம் இன்வெர்ட்டரின் வேகத்தைவிட விரைவாகச் சரியும். 1 வோல்டில் சரியாக இருந்த தாமதம் 0.7 வோல்டில் போதாது. அங்கே போதுமாறு நீட்டினால் 1 வோல்டில் பிட்லைன் தேவைக்கு மேல் இறங்கி மின்சாரம் வீணாகும். 1998இல் அம்ருதூர், ஹொரோவிட்ஸ் இருவரும் விவரித்த ரெப்ளிகா முறை இதற்கான விடை: அதே செல்களால் ஆன, உயரம் பத்தில் ஒரு பங்குள்ள போலி பிட்லைன். அது முழுதாக இறங்கும் நேரத்தில் உண்மையான பிட்லைன் சுமார் பத்து விழுக்காடு இறங்கியிருக்கும். இதிலும் ஒரு பொறி உண்டு. போலி பிட்லைனை ஒரே செல் இழுத்தால், அந்த ஒரு செல்லின் ஏற்ற இறக்கம் தொகுதி முழுவதையும் பாதிக்கும். எட்டு செல்களை இணையாக வைத்து, அதற்கேற்ப மின்தேக்குத்திறனைக் கூட்டினால் சிதறல் 2.8 மடங்கு குறையும். இழுக்கும் செல்களின் எண்ணிக்கையைச் சிப் தயாரான பின்னும் மாற்ற இரண்டு மூன்று டிரிம் பிட்டுகள் வைப்பது நல்லது.

தேர்ந்தெடுக்கப்படாத செல்களின் கசிவு பலருடைய கணக்கில் வருவதேயில்லை. சூடான நிலையில் செல்லுக்கு 10 நானோஆம்பியர் என்றால், மற்ற 255 செல்களும் எதிர்ப்பக்கத்தை இழுக்கும் மோசமான தரவில் 2.55 மைக்ரோஆம்பியர். 20இல் அது 13 விழுக்காடு. சப்ளை குறைந்து செல் மின்னோட்டம் 5 ஆனால் பாதிக்கு மேல் போய்விடும். அப்போது பிட்லைனில் தொங்கும் செல்களைக் குறைப்பதுதான் வழி.

முன்மின்னேற்றத்தில் சமன்செய்யும் டிரான்சிஸ்டரை விட்டுவிடாதீர்கள். எழுதும் செயலுக்குப் பின் இரு பிட்லைன்களுக்கும் 1 வோல்ட் இடைவெளி இருக்கும். அது 1 மில்லிவோல்டாகச் சுருங்க 6.9 நேர மாறிலி தேவை. 2 கிலோஓம், 100 ஃபெம்டோஃபாரட் என்றால் 1.4 நானோநொடி. ஆம்ப்ளிஃபயரின் உள்முனைகளையும் இதேபோல் சமன்செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய விடை அடுத்த விடையைத் தன் பக்கம் சாய்க்கும்.

பிட்லைனை இணைக்கும் பிமாஸ் சுவிட்சுகள், லாட்ச் இயங்கத் தொடங்கும்போது அணைந்துவிட வேண்டும். இணைந்தே இருந்தால் லாட்ச் 5 ஃபெம்டோஃபாரடுக்குப் பதில் 105ஐ இழுக்கிறது. வேகமும் போய் மின்சாரமும் போகும். இன்னொரு வகை நினைவகமான டிராமுக்கு (DRAM) இந்த விதியைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே படித்த செல்லை மீண்டும் நிரப்புவதும் அதே லாட்ச்தான், அதனால் பிட்லைனை முழுதாக ஓட்டியே ஆக வேண்டும்.

வெளியீட்டில் ஒரு முனையில் மட்டும் இன்வெர்ட்டர் மாட்டினால் சமச்சீர் உடனே கெடும். மறுமுனையில் அதே அளவுள்ள போலி இன்வெர்ட்டர் வையுங்கள். லேஅவுட்டிலும் இதே கவனம் வேண்டும்: ஜோடி டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடட்டும், ஓரத்தில் போலி கேட்டுகள் இருக்கட்டும், சிலிக்கனில் டிரான்சிஸ்டர் அமரும் கிணற்றின் (well) விளிம்பிலிருந்து இரண்டும் சம தூரத்தில் நிற்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் மட்டும் ஓடும் மெட்டல் கம்பி ஸ்கீமாட்டிக்கில் தெரியாது. அதனால் கம்பிகளின் வேண்டாத மின்தேக்கம் போன்றவற்றையும் (பாராசிடிக்) சேர்த்து லேஅவுட்டிலிருந்து பிரித்தெடுத்த சுற்று விவரத்தை (நெட்லிஸ்ட்) வைத்தே ஆஃப்செட் பாருங்கள்.

பார்ப்பதும் நிலையான மின்னழுத்தத்தில் கணக்கிடும் டிசி சிமுலேஷனில் அல்ல, டிரான்சிஸ்டர் அளவுகளைத் தற்செயலாக மாற்றி மாற்றி நேரத்தோடு ஓட்டிப் பார்க்கும் டிரான்சியண்ட் மான்டே கார்லோவில். உள்ளீட்டு வேறுபாட்டை ஓர் அளவில் நிறுத்தி 1000 மாதிரிகள் ஓட்டுங்கள்; பின் அளவை மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். சராசரி ஆஃப்செட் சுழியமானால், 16 விழுக்காடு தவறாக வரும் இடமே ஒரு சிக்மா. அதையே எதிர்த்திசையிலும் செய்யுங்கள். இரண்டு எண்களும் கணிசமாக வேறுபட்டால் அது தற்செயல் சிதறல் அல்ல, லேஅவுட்டில் எங்கோ சமச்சீர் இல்லை என்று பொருள்.