எம்ஜிபி காரை வீட்டிலேயே டியூன் செய்யலாம்: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான பழைய எம்ஜிபி இழுக்கவில்லை, நின்ற இடத்தில் உதறுகிறது என்றால், புதிதாக இந்தக் காருக்கு வந்தவர்கள் முதலில் கை வைக்கும் இடம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். பானட்டைத் திறந்ததும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள் கண்முன்னே நிற்கின்றன, திருக நட்டும் இருக்கிறது. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் டேப்பட் (வால்வு இடைவெளி), ஸ்பார்க் பிளக், பாயிண்ட் (ஸ்பார்க்கை ஏவும் சின்ன சுவிட்ச்), டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) இந்த நான்கும் சரியாகும் வரை அதைத் தொடாதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்க, கார்புரேட்டரைத் திருகி அதை மூடி மறைத்தால், அப்புறம் எது சரி, எது தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்பாவோ மாமாவோ விட்டுப்போன கார் தார்ப்பாய்க்குள் நிற்கிறது, பிள்ளைகளுக்கு அதை ஓட்ட ஆசை என்று இருக்கும் வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. 1798 சிசி, நான்கு சிலிண்டர், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகவே தயாராகின்றன. பொறுமையுள்ள எவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

ஆரம்பிக்கும் முன்

இந்தக் காரின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. ஏஎஃப் (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான அளவு) என்று பொறித்த ஸ்பேனர்கள் வேண்டும். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றும்தான் அதிகம் தேவைப்படும். வீட்டில் இருக்கும் 13 எம்எம் ஸ்பேனர் 1/2 அங்குல நட்டில் ஏறிவிடும். அதுதான் ஆபத்து, நட்டின் முனைகள் மழுங்கிவிடும். இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள் கொண்ட அங்குல அளவு ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், திருப்புளி, இரண்டு ஒயர் இணைத்த சிறிய 12 வோல்ட் பல்பு, ஒரு முழம் ரப்பர் குழாய். இவ்வளவுதான் சாமான்.

உங்கள் கார் எந்த ஆண்டு என்று பாருங்கள். 1967 கடைசி வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேர் தலைகீழ். பேட்டரி மாற்றும்போதும், ரேடியோ மாட்டும்போதும், வேறொரு காரிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போதும் இதை மறந்தால் ஒயரிங் எரிந்துவிடும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். அதனால் ஆண்டை மட்டும் நம்பாமல், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி மூடியைத் திறந்து, எந்த முனையின் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கராஜ் கதவு திறந்திருக்கட்டும். சங்கிலி, மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெரும்பாலான எம்ஜிபிகளில் ஃபேன் பெல்ட்டோடு சேர்ந்தே சுற்றும், எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் நிற்காது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காருக்கு அடியில் போகும் வேலை இன்று இல்லை. என்றைக்காவது போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஆக்சில் ஸ்டாண்ட் கட்டாயம்.

படி 1: டேப்பட்

இதை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு செய்ய வேண்டும். முந்தின இரவு நிறுத்திய கார் என்றால் நல்லது. ராக்கர் கவரின் மேலே இரண்டு நட்டுகள். கழற்றினால் எட்டு வால்வுகளும் வரிசையாகத் தெரியும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். கம்ப்ரஷன் போய்விடுவதால் எஞ்சின் லேசாகச் சுற்றும். இக்னிஷன் ஆஃப். காரைச் சமதரையில் நிறுத்தி நான்காவது கியரில் போட்டு, ஒருவர் பின்னாலிருந்து மெல்ல முன்பக்கமாகத் தள்ளினால், நீங்கள் வால்வுகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். தம்பியோ மகனோ கூட இருந்தால் அவர்களுக்கும் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகும்.

கணக்கு ஒன்பது. எந்த வால்வு முழுவதும் கீழே அழுந்தி நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வரும் எண்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டிய வால்வு. எட்டாவது அழுந்தி நின்றால் முதலாவது, ஆறாவது அழுந்தி நின்றால் மூன்றாவது. இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ராக்கருக்கும் (வால்வை அழுத்தும் கை) வால்வு தண்டுக்கும் நடுவே ஃபீலர் இலையை விடுங்கள். லேசான பிடிப்போடு உருவி வர வேண்டும். இல்லையென்றால் 1/2 அங்குல ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் சரிசெய்து, திருப்புளியை அசையாமல் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை இலையை விட்டுப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இதுதான்.

ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இருந்தது என்பதைச் சரிசெய்யும் முன்பே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த எண்கள் பிற்பாடு பேசும். தென்னாப்பிரிக்காவில் 2006 ஜனவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய எம்ஜிபியில் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டின் வால்வு இருக்கைகள் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம் இல்லாத பெட்ரோலில் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால், எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே இறங்கும். இறங்க இறங்க டேப்பட் இடைவெளி குறையும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அதே வால்வு இறுகியே இருந்தால் காரணம் அநேகமாக இதுதான். தொடக்கத்தில் பெட்ரோலில் கலக்கும் ஈய மாற்று மருந்து போதும். தொடர்ந்தால் ஹெட்டைக் கழற்றி, எஞ்சின் ஹெட் வேலை செய்யும் பட்டறையில் கடினமான இருக்கை வளையங்களைப் போட்டுவிடுங்கள். அதற்கு அப்புறம் இந்தக் கவலையே இல்லை.

படி 2: பிளக்

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, ஈரமாக எண்ணெய் பளபளத்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே வருகிறது. இடைவெளி 0.025 அங்குலம். கையாலேயே சுற்றி ஏற்றிவிட்டு, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்கள். ஆனால் இப்போதே மாட்ட வேண்டாம், டைமிங் முடியட்டும்.

படி 3: பாயிண்ட்

டர்பன் கடலோர ஊர். ஜனவரி, பிப்ரவரியில் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். மாதக்கணக்கில் நின்ற காரில் பாயிண்ட் முனைகளில் மெல்லிய பாசி மாதிரி படிந்து, எஞ்சின் பிடிக்கவே மாட்டேன் என்கும். கார்புரேட்டர் மேல் விழும் பழிகளில் நிறைய இங்கே கிளம்புபவைதான்.

பாயிண்ட் இருப்பது, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள். அதன் மூடியின் இரண்டு கிளிப்பையும் விலக்கிக் கழற்றுங்கள். உள்பக்கத்தைத் துணியால் துடைத்து, முடிபோல விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சுழலும் ரோட்டரையும் அப்படியே பாருங்கள். பிறகு, பாயிண்டின் சின்ன நைலான் குதிகால், நடுத் தண்டில் மேடு மேடாக இருக்கும் கேமின் முனையில் ஏறி நிற்கும் வரை காரைத் தள்ளுங்கள். பாயிண்ட் அதிகபட்சம் விரிந்த நிலை அது. இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்கலாம், 0.015 வைத்தால் போதும். திருகைத் தளர்த்தி, தட்டை நகர்த்தி, இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். ஃபீலர் இலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது பாயிண்ட் முனையில் ஒட்டிக்கொள்ளும். இலையைத் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். கேம் மேல் ஒரு பொட்டு கிரீஸ் போதும்.

புதுப் பாயிண்ட் மாட்டுகிறவர்கள் ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும். 1960களின் டிஸ்ட்ரிபியூட்டரில், நட்டு இறுக்கும் தூணின் மேல் பாயிண்டின் ஸ்பிரிங்கும், காயிலிலிருந்து வரும் ஒயரும், கண்டென்சர் ஒயரும் சேர்ந்து உட்காரும். இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆனால் தூணைத் தொடக் கூடாது. அதற்காகத்தான் அங்கே ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது. ஒயர் முனைகள் அந்தப் புஷ்ஷுக்கு வெளிப்பக்கம் உட்கார வேண்டும். ஒரு முனை மாறி உட்கார்ந்தாலும் கரண்ட் நேரே பாடிக்குப் போய்விடும், ஸ்பார்க்கே வராது. கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

படி 4: டைமிங்

கிராங்க் புல்லியில் ஒரு வெட்டு இருக்கும். அதன் அருகே எஞ்சினில் டிகிரி பற்கள். 1960களின் எம்ஜிபி எஞ்சின்கள் பலவற்றுக்கு நிறுத்திய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னதாக ஸ்பார்க் வர வேண்டும். பிந்தைய எஞ்சின்களுக்கு அளவு வேறு, உங்கள் எஞ்சின் எண்ணுக்கு உரியதை வொர்க்‌ஷாப் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டர் முதல் சிலிண்டரின் ஒயரைப் பார்த்து நிற்க, வெட்டு அந்த டிகிரிக்கு வரும் வரை காரை முன்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி முன்னுக்கு வாருங்கள். பல்பின் ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையில், இன்னொன்று பாடியில். இக்னிஷன் ஆன். கிளாம்ப் நட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பல்பு அணையும் வரை திருப்புங்கள். பிறகு கடிகாரத் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரியும் அந்தக் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். அங்கேயே நிறுத்தி இறுக்குங்கள். இக்னிஷனை உடனே அணையுங்கள், காயில் சூடாகிக் கெடும்.

பிளக் மாட்டி ஒயர்களைப் போடுங்கள். வரிசை 1-3-4-2, மூடியின் மேல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ராக்கர் கவரை மூடும்போது நட்டை வலுவாக இறுக்காதீர்கள், கார்க் பேக்கிங் பிதுங்கி எண்ணெய் ஒழுகும்.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இப்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். பல கார்களில் வேலை இத்தோடு முடிந்துவிடும். எஞ்சின் நிதானமாக ஓடினால் கார்புரேட்டரை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 5: கார்புரேட்டர்

இங்கே சொல்வது எஸ்யூ கார்புரேட்டரின் எச்எஸ்4 வகைக்கு. 1970களில் வந்த எச்ஐஎஃப்4 வகையில் கீழே நட்டு இருக்காது, பக்கவாட்டில் திருகு இருக்கும்.

முதலில் எண்ணெய். ஒவ்வொரு கார்புரேட்டரின் தலையிலும் இருக்கும் மூடியைத் திருகித் தூக்கினால் நீண்ட தண்டு ஒன்று வரும். அந்தத் துளையில் எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ50 எண்ணெயையே விடலாம். தண்டைத் திரும்ப இறக்கும்போது, மூடி உட்காரக் கால் அங்குலம் இருக்கையிலேயே கையில் தடை தெரிய வேண்டும். இந்த எண்ணெய் வற்றிய காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திக்கித்தான் கிளம்பும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே தெரியும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். மெல்ல இறங்கி ‘டிக்’ என்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் மேல் கூட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரால் துடையுங்கள். எமரி தாள் படவே கூடாது. ஒரு கார்புரேட்டரின் கூட்டையும் பிஸ்டனையும் மற்றதற்கு மாற்றி மாட்டாதீர்கள், ஒவ்வொரு கூடும் அதன் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை.

காரைக் கால் மணி நேரம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியின் கிளாம்ப்களைத் தளர்த்தினால் இரண்டும் தனித்தனியாகிவிடும். ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில் ஒரே இடத்தில். இரண்டிலும் காற்றின் ‘ஸ்ஸ்’ ஒரே அளவில் கேட்கும் வரை ஐட்லிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள். காது இதற்கு விரைவில் பழகிவிடும். எஞ்சின் 750, 800 சுற்றில் நிற்கட்டும்.

அடுத்தது கலவை. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஆறுமுக நட்டு மேலே போனால் பெட்ரோல் குறையும், கீழே வந்தால் கூடும். முழுக்கக் கலைந்துபோயிருந்தால், ஜெட் (பெட்ரோல் வரும் சின்னக் குழாய்) பாலத்தின் (பிஸ்டன் வந்து உட்காரும் மேடு) மட்டத்துக்கு வரும் வரை மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம் இறக்கி ஆரம்பியுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடி, பழையபடி அடங்கினால் சரி. ஒரு தடவைக்கு ஒரு முகம்தான் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

முடிந்ததும் கிளாம்ப்களை இறுக்குங்கள். இரண்டு த்ராட்டிலும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று கேபிளை மெல்ல இழுத்துப் பார்த்த பிறகே ஃபில்டர்களை மாட்டுங்கள்.

உயரமான ஊருக்குப் போகிறவர்களுக்கு

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1750 மீட்டர் உயரத்தில். என்3 சாலையில் வான் ரீனன்ஸ் கணவாய் தாண்டும்போதே காற்று மெலிந்து, இங்கே சரியாக வைத்த கலவை அங்கே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். எஞ்சின் சோம்பும், பிளக்கில் கரி படியும். ஒரு வாரம் தங்குவதாக இருந்தால், போய்ச் சேர்ந்ததும் ஊசியால் சோதித்து, இரண்டு நட்டுகளையும் தேவைப்பட்ட அளவு சமமாக மேலே ஏற்றுங்கள். எத்தனை முகம் என்று நோட்டில் எழுதிவையுங்கள். டர்பனுக்குக் கிளம்பும் முன் அத்தனையும் கீழே இறக்கியாக வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவையோடு கடலோரத்துக்கு வந்து வேகமாக ஓட்டினால் வால்வு கருகிவிடும்.