கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

ராத்திரி பாத்ரூம் சுவரோரம் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டையோடு ஒரு பாம்பு. பார்த்ததும் கட்டுவிரியன் என்று அலறுவோம். பல நேரம் அது பல்லி தேடி வந்த வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது.

தள்ளி நின்று டார்ச் அடித்துப் பட்டையைப் பாருங்கள். வரையனுக்குக் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் கறுப்பு. அப்புறம் மெல்லிய கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் வரை பளிச்சென்று இருக்கும்.

ஆனால் குட்டிக் கட்டுவிரியனுக்குக் கழுத்தருகிலேயே கோடு தொடங்கலாம். அதனால் போட்டோ எடுப்பதோடு சரி, கையில் பிடிக்கிற வேலை வேண்டாம். கட்டுவிரியன் கடித்தால் பலருக்கு வலிப்பதே இல்லை. ஏதோ பூச்சிக்கடி என்று திரும்பப் படுத்துவிடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.