சாட்சியாகக் காவல்துறையிடம் வாக்குமூலம் அளிப்பது எப்படி?

குற்ற விசாரணையில் கைரேகை எடுப்பதும் தடயங்களை ஆராய்வதும் அதிகாரிகளின் வேலை. சம்பவத்தைக் கண்ணால் கண்டவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கண்டதைக் கண்டபடி சொல்வது. சிங்கப்பூரில் அதற்கென ஒரு முறை இருக்கிறது.

சம்பவம் நடந்துகொண்டிருந்தால் 999ஐ அழைக்க வேண்டும்; பேசுவது ஆபத்து என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதிகாரிகள் வரும்வரை அங்குள்ள எதையும் தொட வேண்டாம். கடைகளின் கேமராக்களில் பழைய பதிவு சில நாள்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால், தேக்காவில் ஒரு கடை வாசலில் திருட்டு நடந்ததென்றால், எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பதை முதல் நாளே அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது.

அன்றிரவே, மற்றவர்களிடம் பேசுவதற்கு முன், நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். நேரம், நின்ற இடம், வெளிச்சம், இடையில் இருந்த தூரம் ஆகியவற்றை எழுதும்போது, நீங்களே பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்ன பிறகு இப்படிப் பிரிப்பது மிகவும் கடினம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, விவரம் தெரிந்தவரை விசாரணைக்கு வரும்படி அதிகாரி எழுத்து மூலம் பணிக்கலாம். வராதவர்மீது நீதிபதி பிடியாணை பிறப்பிக்கவும் முடியும். 22ஆம் பிரிவு, தெரிந்ததை உண்மையாகச் சொல்லும் கடமையைச் சாட்சிக்கு விதிக்கிறது. ஆனால் தம்மையே குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய எதையும் அவர் சொல்ல வேண்டியதில்லை. கேள்விக்கு விடை தெரியாவிட்டால் “தெரியாது” என்றே சொல்லுங்கள். உதவி செய்யும் எண்ணத்தில் அனுமானத்தைச் சொல்லும் நல்லவர்களால்தான் விசாரணை திசைமாறுகிறது என்பது என் கருத்து.

வாக்குமூலம் பொதுவாக ஆங்கிலத்தில் எழுதப்படும். ஆங்கிலம் புரியாதவருக்கு அதை அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆகவே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்பதற்குத் தயங்க வேண்டாம். வாசித்துக் காட்டும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். மஞ்சள் சட்டை பச்சையாகியிருந்தாலும், “ஓடினான் என்று கேள்விப்பட்டேன்” என்றது “ஓடுவதைப் பார்த்தேன்” என்று மாறியிருந்தாலும், திருத்திய பிறகே கையொப்பமிடுங்கள். களைப்பாக இருந்தால் தண்ணீரோ சற்று ஓய்வோ கேட்கலாம்.

புறப்படும் முன் விசாரணை அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஏதேனும் நினைவுக்கு வந்தால் அவரிடம் தெரிவித்துக் கூடுதல் வாக்குமூலம் அளிக்க முடியும். குற்றஞ்சாட்டுவதா இல்லையா என்ற முடிவைத் தலைமைச் சட்ட அதிகாரியின் பொறுப்பில் உள்ள அரசுத் தரப்பு எடுக்கும் என்பதால், நீதிமன்ற அழைப்பு வரப் பல மாதங்கள் ஆகலாம். இடையில் கைப்பேசி எண்ணோ முகவரியோ மாறினால் அதையும் அந்த அதிகாரியிடம் தெரிவித்துவிட வேண்டும்.