மழைக்கு முன் கால்வாயில் இறங்குகிறவர்களுக்கு

வடசென்னையில் எண்ணூர், மணலி, சடையங்குப்பம் பக்கம் இருப்பவர்கள் செப்டம்பரிலேயே கால்வாயைச் சுத்தம் செய்கிற வேலையைத் தொடங்கிவிடுங்கள். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், பூண்டி ஏரியில் திறக்கிற உபரிநீர் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தைத் தேடி வரும். நடுவில் சிறுபாலத்தடியில் குப்பை அடைத்தால் தண்ணீர் நம் தெருவுக்குத்தான் ஏறும். அதனால் முதலில் பாலத்தடி.

உப்பு ஏறாத மேல்பக்கத்தில் ஆகாயத்தாமரையை இழுத்தவுடனே வண்டியில் ஏற்றாதீர்கள். வேரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், கறுப்புத் தாடி மாதிரி தொங்கும், அதற்குள் நத்தை, பொடி இறால், நகம் அளவு மீன்குஞ்சு எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள்ளேயே நன்றாக உதறி, ஓர் இரவு நீரோரம் போட்டுவைத்தால் இறங்கக்கூடியவை இறங்கிவிடும். மறுநாள் கட்டாயம் அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். பொக்லைன் வருகிறதென்றால் இரண்டு கரையையும் ஒரே நாளில் வழிக்க விடாதீர்கள், ஒரு பக்கத்துக் கோரையாவது இருக்கட்டும்.

கழிமுகத்தில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டு நிற்பவை குச்சியில்லை, அலையாத்தி மரத்தின் மூச்சுவேர். அதன்மேல் மண்ணைக் கொட்டினால் மரம் மூச்சு முட்டிச் செத்துவிடும். புதுக்கன்று நடுவதற்கு முன் குப்பத்து மீனவர்களிடம் கேளுங்கள், நீர் எதுவரை ஏறும், படகு எங்கே போகும், பறவை எந்தச் சேற்றில் மேயும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். சிக்கிக் கிடக்கிற பழைய வலையைப் பிடித்து இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், உள்ளே நண்டு உயிரோடு இருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து உட்கார்ந்திருந்ததை நாம் பார்த்தோம். அப்படி ஒரு பறவை கிடைத்தால் நீங்களே குளிப்பாட்டாதீர்கள், தீனியும் வேண்டாம். துண்டால் போர்த்தி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கட்டடக் கழிவை யாராவது கால்வாயில் கொட்டினால் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு, மாநகராட்சியின் 1913க்கு உடனே அழையுங்கள்.

அப்புறம், பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. காலில் சின்னப் புண் இருந்தாலும் எலிக்காய்ச்சல் வரலாம், அன்றைக்கு அவர் கரையிலேயே நின்று சாக்கைப் பிடிக்கட்டும்.