கம்ப்யூட்டர் வாங்கும் முன் பிரிண்டரைப் பாருங்கள்

கடைக்குள் நுழைந்ததும் "பிராசசர் ஐ-ஃபைவா, ஐ-செவனா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அன்றாட வேலைக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் மேஜையில் ஏற்கெனவே இருக்கும் பில் பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பத்து வருஷத்துப் பழைய தமிழ் ஃபைல்கள், இவைதான் விண்டோஸா லினக்ஸா மேக்கா குரோம்புக்கா என்று முடிவு செய்யும். இந்தப் பட்டியலை எழுதாமல் கடைக்குப் போவதுதான் முதல் தவறு.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். கணக்கு டேலி பிரைம் என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதை விண்டோஸில்தான் நிறுவ முடியும். மேக் வாங்கினால், வேறு இடத்தில் ஓடும் டேலியை நெட் வழியாகத் திறக்க வேண்டும். நெட் போனால் பில் நிற்கும். லினக்ஸில் வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் கருவி) போட்டு ஓட்டிவிடலாம் என்பவர், மார்ச் 31 ராத்திரி போன் செய்தால் எடுப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக, ஜிஎஸ்டி தாக்கலுக்கும் விண்டோஸ் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தனி உரிமையாளர் கடைக்கு இவிசி, அதாவது ஓடிபி வழியான சரிபார்ப்பு போதும். பிரவுசர் இருந்தால் வேலை முடிந்தது. கையொப்ப டோக்கன் கட்டாயம் என்பது கம்பெனிகளுக்கும் எல்எல்பி என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கும்தான்.

2024-லிருந்து கடைகளில் பரவலாக இருக்கும் ஸ்னாப்டிராகன் (இன்டெல் வகை அல்லாத, ஆர்ம் வகை சிப்) விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு பொறி உண்டு. பேட்டரி நன்றாக நிற்கும். இன்டெலுக்கு எழுதிய சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் எமுலேஷனில், அதாவது மொழிபெயர்ப்பு போல, ஓடிவிடும். கருவியை இயக்கும் டிரைவருக்கு எமுலேஷன் கிடையாது. அது ஆர்ம் 64-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய தெர்மல் பிரிண்டரையோ டோக்கனையோ செருகினால் 'டிங்' சத்தம் வரும், வேலை நடக்காது. இ-சேவை மையம், வங்கி முகவர் வேலை என்றால், கைரேகைக் கருவியின் ஆர்டி சர்வீஸ் (ஆதார் சரிபார்ப்புக்கு அந்தக் கருவியோடு வரும் மென்பொருள்) எந்தத் தளத்துக்கு உண்டு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டைப்பிங் சென்டர், கல்யாணப் பத்திரிகை அச்சகம், சங்க அலுவலகம் இங்கெல்லாம் சிக்கலே வேறு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைலுக்குள் தமிழே கிடையாது. 'தமிழ்' என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். "லினக்ஸ் போட்டதும் தமிழ் போச்சு" என்ற புகாரைக் கிளறினால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அந்த எழுத்துரு ஃபைலை லினக்ஸிலும் நிறுவலாம், சரியாகிவிடும். வெளியே அனுப்புவதை எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

பழைய ஃபைலை முழுசாக யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டரும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியாக்கம்) மாற்றியில் போடுவதும் தவறு. நடுவே உள்ள ஆங்கிலச் சொல்லையும் அது பாமினி என்றே எண்ணி உளறல் தமிழாக்கிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. புதிதாக அடிப்பதெல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். ஆனால் இருபது வருஷம் டைப்ரைட்டர் முறையில் ஓடிய விரலைத் தமிழ்99 விசை அமைப்புக்கு வா என்று இழுக்காதீர்கள். விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர், லினக்ஸில் எம்17என், இரண்டிலுமே டைப்ரைட்டர் அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப்) 2.0, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ. ரேம் 4 என்பது எழும்பத்தான். வேலை பார்க்க 8 வேண்டும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி 'டிபிஎம் டாட் எம்எஸ்சி' கொடுத்தால் பதிப்பு தெரியும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பயோஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) அணைந்து கிடக்கலாம். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம்.

நிஜமாகவே ஒத்துவராத கம்ப்யூட்டரையும் எடைக்குப் போட வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட் போட்டால் பிரவுசர், கடிதம், யூடியூப் எல்லாம் ஓடும். நேரே நிறுவத்தான் கூடாது. 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, பல கம்ப்யூட்டர்களில் எஃப்12 (ஹெச்பி என்றால் எஃப்9) அழுத்தி அதிலிருந்தே எழுப்பிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, ஒரு பக்கம் அச்சாகிறதா? கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் இங்கேதான் முரண்டு பிடிக்கும். அந்த பிரிண்டர் உங்களிடம் இருந்தால் லினக்ஸை மறந்துவிடுவது நல்லது.

பிரவுசர் மட்டும் போதும் என்பவருக்குக் குரோம்புக் சரி. 2021-லிருந்து வந்த பிளாட்ஃபார்ம்களுக்கு (மாடலின் உள்ளே இருக்கும் அடிப்படை வன்பொருள்) 10 வருஷம் அப்டேட் உண்டு. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்தப் பிளாட்ஃபார்ம் வெளியானதிலிருந்து. பழையது வாங்கும் முன் முடியும் தேதியைப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால், 14 அங்குல ஃபுல் எச்டி திரையை 100 சதவீதத்தில் விட்டுவிடாதீர்கள். எழுத்து எறும்பு ஊர்வது போலிருக்கும். ஸ்கேலை 125-லோ 150-லோ வையுங்கள். அவர்களுக்கு அட்மின் கணக்கு வேண்டாம், சாதாரணக் கணக்கு போதும். லீவுக்கு வந்த பேரன் திரையை அழகுபடுத்துகிறேன் என்று ஐகான்களை இடம் மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பாங்க் பக்கத்தைப் படம் பார்த்துத் திறப்பதில்லை, இடது மூலையில் மூன்றாவது என்று இடம் பார்த்துத்தான் திறக்கிறார்.